சாய ஆலை லாரியில் நம் கொடி

எனக்கு முன் பேசிய அத்தனை பேரையும் பொறுமையோடு தாங்கிய அவைத்தலைவர் அவர்களே! மருத்துவமனைப் பணி முடித்து அப்படியே மேடையேறியிருக்கும் நம் வேட்பாளரான செவிலியரே, என் உடன்பிறந்த தங்கையே! முழங்கால் வலியைப் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே! குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! களைத்துப்போன இந்தத் தொண்டையின் வணக்கம். கைதட்ட வேண்டாம் ஐயா, அதற்குத் தகுதியாக இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற தேர்தலில் நம்மிடம் என்ன இருந்தது? கொள்கை இருந்தது, கொடி இருந்தது, கூவுவதற்குக் குரல் இருந்தது. வண்டிதான் இல்லை. சாய ஆலைக்காரர்கள் சிரித்த முகத்தோடு வந்தார்கள். லாரி தந்தார்கள், டீசல் தந்தார்கள், தேர்தல் செலவு முழுவதும் தந்தார்கள். "ஒண்ணும் திருப்பித் தர வேணாம் சார்" என்றார்கள். அதைக் கேட்டதுமே நமக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லையே! கொடி கட்டினோம், கோஷம் போட்டோம், கொண்டாடிக் கொண்டாடி வென்றோம்.

பிறகு நடந்ததை இந்த முன்வரிசைத் தாய்மார்கள் அறிவார்கள். கிணற்று நீர் ஊதாவாக மாறியது. குழந்தைகளின் தோல் உரிந்தது. கழிவுச் சேற்றை ஏற்றிப்போகும் லாரிகளை மறிக்க, ஆலைச் சாலையில் இவர்கள் உட்கார்ந்தார்கள். கொளுத்தும் வெயிலில் ஒரு லாரி வந்தது. அதன் தலையிலே நம் கொடி! தேர்தலுக்குக் கட்டியதை ஒருவரும் அவிழ்க்கவில்லை. "ஏய், எந்திரிங்கடி, நம்ம கட்சி வண்டி! நமக்குத்தான் ஆள் கூட்டிட்டு வருது!" என்று ஆரவாரமாய் எழுந்து இவர்களே வழிவிட்டார்கள். அந்த லாரி நேராகப் போய் ஏரியில் சேற்றைக் கொட்டியது. சிரிக்காதீர்கள் தம்பி, எனக்கு அழுகை வருகிறது.

நாம் சட்டமன்றத்துக்கு அனுப்பிய உறுப்பினர் ஏன் வாய் திறக்கவில்லை? எப்படித் திறப்பார்? நீங்கள் உண்டியலில் போடும் சில்லறை எங்கள் உழைப்பைக் கேட்கும். ஆலைக்காரர்கள் நீட்டும் நோட்டுக்கட்டு எங்கள் வாயைக் கேட்கும். அதை வாங்கிய பிறகு எங்கே பேசுவது?

நேற்று மாலை அவர்கள் மறுபடியும் வந்தார்கள். அதே சிரிப்பு, அதே லாரி. என் தங்கை என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, வேணாம்னு சொன்னா தோத்துடுவோமா?"

"தோத்தாலும் தோப்போம்மா" என்றேன். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"தோல் உரிஞ்ச புள்ளைங்களுக்கு மருந்து போடுற கைண்ணா இது. இதால அவங்க காசை வாங்க மாட்டேன்" என்று அவர்களுக்கு வாசலைக் காட்டிவிட்டாள்.

என்னம்மா கேட்கிறீர்கள்? வண்டிக்கு எங்கே போவீர்கள் என்றா? நடப்போம் தாயே, நடப்போம்! நாளைக் காலை உங்கள் தெருவுக்குத் தாகத்தோடு நடந்து வருவோம். உங்கள் கிணற்றின் ஊதாத் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி எங்கள் கையில் கொடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்து வாக்குக் கேட்க எங்களால் முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மட்டும் போடுங்கள்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டீர்களே, அதற்கு நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!