அவசரமில்லை, ஹார்லன்

காப்பி வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். சரியென்று ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் டெக்சாஸிலிருந்து இந்த ஷெரீப் அலுவலகத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்று கேள்விப்பட்டேன். வட மினசோட்டாவில் எப்படி நடந்துகொள்வது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லித் தருவதே இங்கே மரியாதைக் குறைவு.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லி, தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். முக்கியமாக, என் பூட்ஸ் ஏன் காய்ந்திருந்தது என்பதை எழுத வேண்டும் என்றீர்கள். ஒரே வரியில் எழுதிவிடலாம்தான். ஆனால் காப்பியிலிருந்து தொடங்கினால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

இங்கே ஒருவர் எதைக் கொடுத்தாலும் முதல்முறை வேண்டாம் என்போம். அது மரியாதை. இரண்டாவது முறையும் வேண்டாம் என்போம். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்கிற கூச்சம் அது. மூன்றாவது முறை கேட்கும்போது வாயில் என்ன வருகிறதோ அதுதான் பதில். என் தங்கையின் மருமகன் கலிபோர்னியாக்காரன். தட்டில் இருந்த கடைசி எலுமிச்சை கேக்கை வேண்டுமா என்று முதல்முறை கேட்டதுமே, வேண்டும் என்று எடுத்துத் தின்றுவிட்டான். பதினோரு வருஷம் ஆகிறது. இன்னமும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் எதிரில் இல்லாதபோதுதான்.

என் தொழிலும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் ஓடுகிறது. ஏரிக்கரை வீடுகளைக் காலி செய்து, வேண்டாத சாமான்களை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. முப்பத்தோரு வருஷம். ஐம்பது அறுபது வருஷம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வீடுகளில் என்ன இருக்கும் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ஒரு துண்டு தொலைந்துபோன, துண்டு சேர்த்துப் படமாக்குகிற விளையாட்டுப் பெட்டிகள், எந்தப் பூட்டையும் திறக்காத ஒரு டிராயர் நிறையச் சாவி, பூசணம் பிடித்த மிதவைச் சட்டைகள், மான் தலை. ஒவ்வொன்றையும் தூக்குமுன் மூன்று முறை கேட்பேன். இது வேண்டாமா? நிஜமாகவே வேண்டாமா? எடுத்துக்கொண்டு போகட்டுமா? மூன்றாவது பதிலுக்கு அப்புறம்தான் வண்டியில் ஏற்றுவேன். இத்தனை வருஷத்தில் என்மேல் ஒரு புகார் கிடையாது. ஆரின் லிண்ட்வால் எங்களுக்கு வேண்டியதை எடுத்துப்போனான் என்று யாரும் சொன்னதில்லை.

வாத்துக்கால் ஏரியில் ஹார்லன் ப்ரெக்கே வீட்டு வேலைக்கு என்னைக் கூப்பிட்டது அவருடைய மகள் ஜோலீன். ஹார்லனுக்கு எண்பத்து நான்கு வயது. அவர் மனைவி மியூரியல் இறந்து இரண்டு வருஷமாகிறது. வீட்டை விற்றுவிட்டு அப்பாவைத் தன்னோடு ஃபீனிக்ஸுக்குக் கூட்டிப்போக ஜோலீன் வந்திருந்தாள். வந்த அன்றே மூன்று நிற டேப் வாங்கினாள். நீலம் ஒட்டினால் ஃபீனிக்ஸுக்கு, மஞ்சள் ஒட்டினால் சர்ச் விற்பனைக்கு, சிவப்பு ஒட்டினால் குப்பைக்கு. அவள் ராத்திரி சிவப்பு ஒட்டிவிட்டுப் படுப்பாள். ஹார்லன் விடியுமுன் எழுந்து எல்லாவற்றையும் உரித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நாலு நாளில் முடிகிற வேலை பதினோரு நாளாகியும் முடியவில்லை.

“எல்லாத்துக்கும் கலர் ஒட்டியாச்சு ஆரின். எங்க அப்பாவுக்குத்தான் எந்தக் கலருன்னு தெரியல” என்றாள் ஜோலீன் ஒருநாள்.

“மஞ்சள் ஒட்டு. சர்ச்சுல யாராவது வாங்கிக்குவாங்க” என்றார் ஹார்லன். மூன்று பேரும் சிரித்தோம். அவர் நல்ல மனிதர்தான். அதை யாரும் மறுக்கவில்லை.

இனி படகைப் பற்றி எழுதியாக வேண்டும்.

என் அப்பா எமில் லிண்ட்வால் ஐம்பத்தெட்டாம் வருஷம் எங்கள் கொட்டகையில் தேவதாரு மரத்தில் ஒரு படகு செய்தார். பதினாறு அடி. பின் இருக்கையின் இடது ஓரத்தில் அவர் புகைக் குழாயைத் தட்டித் தட்டி விழுந்த ஒரு பள்ளம் உண்டு. எழுபத்தொன்பதில் ஹார்லன் ஒரு சனி ஞாயிறுக்கென்று அதை இரவல் வாங்கிப் போனார். அதற்கப்புறம் சர்ச்சில் பார்க்கும்போதெல்லாம் அப்பா கேட்பார், “படகு உபயோகமா இருக்கா, ஹார்லன்?”

“அடுத்த வாரம் கொண்டாந்து விட்டுடறேன், எமில்.”

“அவசரமில்லை, ஹார்லன்.”

அவர் அவசரமில்லை என்றது இந்த ஊர்க்காரர் எவருக்கும் புரிந்திருக்கும். அதற்கு அர்த்தம், நாளைக் காலையில் என் வாசலில் படகு நிற்க வேண்டும் என்பது. பதினோரு வருஷம் இதையே சொன்னார். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது, ஒரு தடவை அந்தப் படகில் உட்கார்ந்து ஏரியைச் சுற்றிவர வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அவர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு என் காதில் விழுந்தது அது ஒரு தடவைதான். நான் போய் ஹார்லனிடம் சொன்னேன். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்தது, சாவு வீட்டுக்கு ஒரு பாத்திரம் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். ருசியாகத்தான் இருந்தது. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன், நன்றி சொன்னேன், பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளே கொடுத்தேன்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை அவருடைய படகுக் கொட்டகையைத் திறந்தேன். உத்தரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. அதன்மேல் சிவப்பு டேப். ஜோலீன் கொட்டகைப் பக்கமே வந்ததில்லை. அந்த வீடு முழுவதிலும் ஹார்லன் தன் கையால் ஒட்டிய சிவப்பு டேப் அது ஒன்றுதான்.

“இது வேண்டாமா, ஹார்லன்?”

“வேண்டாம்.”

“நிஜமாவே வேண்டாமா? மரம் நல்லாத்தானே இருக்கு.”

“அட, யாருக்குப்பா வேணும் அந்த ஓட்டைப் படகு.”

“யாரோடது இது? எடுத்துட்டுப் போகட்டுமா?”

“யாரோ குடுத்தது. ஞாபகம் இல்ல. ரம்பத்தை வெச்சு ரெண்டா அறுத்துடு ஆரின், வண்டியில ஏத்தறதுக்குச் சுலபமா இருக்கும்.”

மூன்று முறை கேட்டேன். கவனித்திருப்பீர்கள். நான் கோபப்படவில்லை. அறுக்கவும் இல்லை. முழுசாகவே இறக்கி, என் வண்டிக்குப் பின்னால் மாட்டுகிற இழுவண்டியில் வைத்துக் கட்டி, கரையோரமாக நிறுத்தினேன். படகின் முனை ஏரியைப் பார்த்திருந்தது. கட்டிய கயிற்றை அவிழ்த்துத் தள்ளினால் பனிக்கட்டிமேல் தானாக வழுக்கிக்கொண்டு போகும். இதை நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன்.

ஹார்லனின் மீன்பிடிக் குடில் இன்னும் ஏரிமேல்தான் நின்றது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிற மரக் குடில். மார்ச் பாதியிலேயே அதை இழுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அடுத்த வாரம் இழுக்கிறேன் என்று ஹார்லன் சொல்லியிருந்தார். அவர் சமையலறைக் கதவு நிலையில் அறுபது வருஷமாக ஏரி உருகிய தேதிகளைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கணக்கு ஊரில் எல்லோரையும்விட அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வாரம் முழுக்க அவருக்குத் தன் வீட்டிலேயே வழி தெரியவில்லை. மியூரியலின் பச்சை ஃபிளாஸ்கைத் தேடிக்கொண்டிருந்தார். காலி அலமாரிகளைத் திறப்பார், மூடுவார், திரும்பவும் திறப்பார். நீல டேப் ஒட்ட அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

ஜோலீன் மஞ்சள் டேப் சாமான்களோடு சர்ச்சுக்குப் போயிருந்தாள். நான் பேச்சுவாக்கில் சொன்னேன், “ஃபிளாஸ்க் ஒருவேளை மீன் குடிலுல இருக்குமோ?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, ஆமாம்ல! அங்கதான் இருக்கும். அவ கடைசியா அங்கதான் எனக்குக் காப்பி ஊத்திக் குடுத்தா.” கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார், “ஏரி எப்படி இருக்கு இன்னைக்கு?”

“இதைவிட மோசமாப் பார்த்திருக்கோம்” என்றேன்.

உடம்பு, விளைச்சல், கல்யாண வாழ்க்கை என்று எதைக் கேட்டாலும் நாங்கள் சொல்கிற பதில் அது. அவர் தலையாட்டிவிட்டு இறங்கி நடந்தார்.

குடிலுக்குப் பாதி தூரத்தில் பனிக்கட்டி உள்வாங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார், இரண்டு கையையும் விளிம்பின்மேல் போட்டுக்கொண்டு. நான் கரையில் நின்றேன். நாற்பது அடி இருக்கும்.

“ஹார்லன், கை குடுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்ப்பா” என்றார். பல் தந்தியடித்தது. “நீ வேற நனைஞ்சுக்காத.”

“கயிறு ஏதாவது வேணுமா?”

“பரவால்ல ஆரின்... சமாளிச்சுக்கறேன். உனக்கு வேலை கிடக்கு.”

பிறகு அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டில் இருக்கும் கடைசிக் கேக்கைப் பார்ப்போமே, அந்த மாதிரி. நான் காப்பி ஊற்றிக்கொண்டேன். குளிர் காலை அது. காற்றும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் பார்வை என்னை விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் இருந்த இழுவண்டிக்குப் போனது. உதடு நீலமாகியிருந்தது. ஆனாலும் வார்த்தை தெளிவாகத்தான் வந்தது.

“அது எமிலோட படகு” என்றார். “ஆரின், உங்கப்பா படகைத் தள்ளி விடேன்.”

ஞாபகம் இருந்திருக்கிறது பாருங்கள். இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

“அவசரமில்லை, ஹார்லன்” என்றேன்.

அதனால்தான் என் பூட்ஸ் காய்ந்திருந்தது.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அன்று காலை படகை இறக்கியதும் நான் துளைபோடும் கருவியை எடுத்துக்கொண்டு ஏரியில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். பனிக்கட்டி இரண்டு விரல் கனம்கூட இல்லை. நான் எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கே தெரியாது, தவழ்ந்துதான் வந்தேன். அப்புறம், என் வண்டிக்குள் முன் இருக்கையில் ஒரு ஃபிளாஸ்க் கிடப்பதைப் பார்த்தீர்கள் அல்லவா, நான் காப்பி ஊற்றிக் குடித்தது. அது பச்சை நிறம். திங்கட்கிழமையே அடுப்புக்குப் பின்னால் கிடைத்தது. அதைப் பற்றி நான் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். தொழிலில் நான் செய்த ஒரே தவறு அதுதான். ஜோலீனிடம் கொடுத்துவிடுங்கள். நீல டேப் ஒட்ட வேண்டும்.

மற்றபடி, வீடு இப்போது துடைத்து வைத்தாற்போல் இருக்கிறது. சொன்ன வேலையை முடித்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றார், இரண்டு முறை சொன்னார், நான் பெரியவர் வார்த்தையை மதித்தேன். ஒரு மனிதர் வாய்விட்டு வேண்டாம் என்று சொன்னபிறகு அதற்கு மேல் அர்த்தம் தேடுவது நம் வேலையா? நான் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேன் என்று இந்த ஏரியைச் சுற்றி ஒருத்தர் சொல்லட்டும்.

எழுதத் தொடங்குமுன் நீங்கள் என்னிடம், “வக்கீல் வெச்சுக்கறீங்களா?” என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். தாளைக் கொடுக்கும்போது மறுபடியும் கேட்டீர்கள். உங்களுக்கு எதற்கு அம்மா சிரமம், வேண்டாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் திரும்பி வந்து மூன்றாவது முறை கேட்பீர்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.