நாலாவது பல்பு

“அதை மட்டும் விட்டுரு தம்பி...”

ஸ்க்ரூ டிரைவரோடு நீண்ட மசூதின் மணிக்கட்டைப் படகுக்காரர் நம்பிராஜன் இறுகப் பிடித்துக்கொண்டார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

நம்ம சிநேகிதன் யாக்கூப்பின் மச்சான்தான் இந்த மசூது. துபாயில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து தென்காசியில் கடை போட்டவன். அவனுக்கு நடந்தது இது. பொழுது மசங்குகிற நேரம். குற்றாலத்துக்கு வெளியே, படகுக் குளத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு ஆட்டோகூட இல்லை. சாரல் மட்டும் பிசுபிசுத்துக்கொண்டு...

குண்டு பல்புகள் பேட்டரியைச் சீக்கிரம் காலி பண்ணிவிடுகின்றன, சவாரி நடுக்குளத்தில் இருட்டில் நிற்கிறது என்று குத்தகைக்காரர் எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றச் சொல்லியிருந்தார். மூன்று மாற்றியாயிற்று. பாக்கி, துடுப்புப் போடும் நம்பிராஜனின் தலைக்கு மேலே ஒன்று.

“இதுல மீனா பொரிக்கப் போறிய அண்ணாச்சி?” என்றான் மசூது.

அவர் சிரிக்கவில்லை. போன ஆடியில் இதே படகிலிருந்து தவறி விழுந்து மூழ்கிப்போன மகள் நிவேதாவைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பாவோடுதான் இருப்பாளாம். சாரலில் நடுங்கிக்கொண்டு, இந்தப் பல்பைச் சுற்றிக் கையைக் குவித்துக் குளிர் காய்வாளாம். இப்போதும் வருகிறாளாம். தினமும்.

“உன் லைட்டு வெளிச்சம் தரும். சூடு தராதுல்லா... தண்ணிக்குள்ள கெடக்குத பிள்ள. குளிருமுல்லா?”

மசூது ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

ஒரு சுற்று போய்வருவோம், பிறகு உன் இஷ்டம் என்றார் அவர். துடுப்பு விழுந்தது. சளக்... சளக்... முன்னால் மூன்று எல்.இ.டி.யும் வெளேரென்று. நடுக்குளம் வந்ததும் பின்னால் அந்தப் பல்பு மெல்ல மஞ்சளித்தது.

முதலில் வாசனை. ஈரத் தலைமுடி, தேங்காயெண்ணெய். பிறகு சத்தம். சூடான கண்ணாடியில் தண்ணீர் சொட்டினால் வருமே... ச்ஸ்... ச்ஸ்... கூரைக்குள் சாரல் வரவில்லை. பல்பின் இரண்டு பக்கமும் வெளிச்சம் மங்கியது, யாரோ உள்ளங்கைகளைக் குவித்த மாதிரி. சின்ன உள்ளங்கைகள்.

நம்பிராஜன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டார். வெடவெடவென்று ஆடிய தன் கைகளைத் தூக்கி, அந்தச் சின்ன மங்கலைப் பொத்தின மாதிரி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் நடுக்கம் நின்றது.

“ஏட்டி, இப்பக் குளிரு விட்டுட்டா?” என்றார். அவ்வளவு மெதுவாக...

மசூது அந்தப் பல்பைத் தொடவே இல்லை. கரையேறியதும், எல்லாம் மாற்றியாச்சு என்று குத்தகைக்காரருக்குப் போனில் சொன்னான். அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமல் பைக்கை எடுத்தான்.

சொல்ல வாயெடுத்ததை அவன் யாக்கூப்பிடம் மட்டும்தான் சொன்னான். அதுவும் வெகுநாள் கழித்து.

அண்ணாச்சி அவன் கையைப் பிடிப்பதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டானாம். பல்புக்குள் இழை அறுந்து, கண்ணாடி கறுத்துக் கிடந்தது. ஹோல்டருக்கு வரும் ஒயரை எலி கடித்து, இரண்டு முனையும் பச்சைக் களிம்பேறித் தொங்கின.

அதில் கரண்டு நின்றே ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்.