புளி போட்டுத் துலக்கிய கம்பிகள்

செம்பைப் புளி போட்டுத் துலக்கினால்தான் பளிச்சென்று இருக்கும், ஐயா. என் பயத்துக்கு அதுதான் தொடக்கம்.

எண்பத்து மூன்றில் இந்தப் பாகூர்ப் பக்கத்து வெள்ள எச்சரிக்கை ரிப்பீட்டர் அறை என் பொறுப்புக்கு வந்தது. ஏரிக்கரைக் காவலர் நடேசண்ணன் கை வயர்லெஸ்ஸில் பேசுவதை வாங்கி, பலமாக்கி, மூன்று மைல் தள்ளியிருந்த ஆபீசுக்கு அனுப்பும் கருவி அது. வாங்கவும் அனுப்பவும் ஒரே ஆன்டெனா. இரண்டும் மோதாமல் பிரிப்பது டூப்ளெக்ஸர்: நெட்டுக்கு நிற்கும் ஆறு செப்பு டப்பாக்கள், வாங்க மூன்று, அனுப்ப மூன்று, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கம்பி. கம்பி மயிரிழை நகர்ந்தாலும் பவர் உள்ளேயே செத்துப்போகும்.

ஆயுத பூசையன்று மேலதிகாரி சுப்பராயலு வந்தார். "இன்னாம்மா செலினு, வேதக்காரப் பொண்ணுன்னா மெஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாதா? பச்சை பூத்துக் கெடக்குது. பொம்பளகிட்ட குடுத்தா வூடு மாதிரி வச்சிருப்பான்னு நெனச்சேன்" என்று சிரித்தார். அவர் போனதும், அனுப்பும் பக்கத்து மூன்று கம்பிகளையும் கழற்றிப் புளியால் தேய்த்தேன். திரும்பச் செருகியது குத்துமதிப்பில்.

மீட்டர் வைத்தேன். டப்பாக்களுக்கு முன்னால் நாற்பது வாட், பின்னால், ஆன்டெனாவுக்குப் போவது, ஒன்றரை. கேபிளை மாற்றிப் பார்த்தேன், கனெக்டரை மாற்றிப் பார்த்தேன். கோளாறு கம்பியில்தான். சரிசெய்யும் கருவி மதராஸில் இருந்தது. கேட்டால் ஏன் என்பார்கள். நோட்டில் தினமும் நாற்பது என்று எழுதினேன். பொய்யில்லை, டப்பாக்களுக்கு முன்னால் நாற்பதுதான். காலைச் சோதனை அழைப்பும் ஆபீசில் கரகரவென்றாவது கேட்டுக்கொண்டிருந்தது.

கார்த்திகை மழையில் ஒரு நாள், காலைச் சோதனை முடிந்தபின், அனுப்பும் பக்கத்துக் கேபிள் நனைந்து அந்தக் கரகரப்பும் நின்றது. அன்று மத்தியானம் ஸ்பீக்கரில் நடேசண்ணன் கூப்பிட்டார்.

"ஆபீசு, ஆபீசு. கரை வாயப் பொளக்குது. பள்ளத்தெரு சனத்தக் கெளப்புங்கப்பா. எம் பொண்டாட்டி ஆண்டாளு மாசமா இருக்கா."

ஆபீசில் கேட்கவில்லை. வாங்கும் பக்கத்தை நான் தொடவில்லை, எனக்குக் கேட்டது.

"இன்னாபா, எல்லாரும் செத்துட்டீங்களா? யம்மா செலினு, நீயாச்சும் கேக்குறியா?"

டெலிபோனை எடுத்தேன். எக்ஸ்சேஞ்சுப் பெண் எந்த நம்பர் என்றாள். ஆபீசுக்குக் கேட்காதது உனக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்பார்கள். பிறகு கம்பி, பிறகு புளி. டெலிபோனை அப்படியே வைத்துவிட்டேன்.

பதினோரு முறை கூப்பிட்டார். எட்டாவது முறைக்குப் பின் ஸ்பீக்கரைக் குறைத்தேன். அணைக்கவில்லை, அணைப்பது விதிக்கு விரோதம்.

ஆண்டாளோடு சேர்த்து ஒன்பது பேர் வெள்ளத்தில் போனார்கள். நோட்டில் அழைப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தேன். அதை வைத்து, தூங்கிவிட்டார் என்று நடேசண்ணனை வேலையை விட்டு நீக்கினார்கள். மாதா கோயிலில் அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

விசாரணைக்கு வந்த நீங்கள் இன்று மீட்டரை டப்பாக்களுக்குப் பின்னால் கொண்டுபோனபோதே இனி மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். நடேசண்ணனிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: அவர் குரல் கடைசிவரை எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாங்கும் பக்கத்து மூன்று டப்பாக்களில் என் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.