சாந்தி நர்ஸ் பேரில் வந்த புகாரில் மாரமங்கலம் கண்ணம்மாள் சொன்னது

என் பெயர் கண்ணம்மாள், வயது சுமார் 60, கணவர் பெயர் ஐயாக்கண்ணு. ஏற்காடு மலை மாரமங்கலத்தில் குடியிருந்து விவசாயம் செய்து வருகிறேன். கையெழுத்துப் போடத் தெரியாது. என் மகள் கண்ணாயியின் வைத்தியத்தில் நர்ஸ் சாந்தி கவனக்குறைவாக இருந்ததாக என் மருமகனின் அண்ணன் பெரியண்ணன் கொடுத்த புகார் சம்பந்தமாக இன்று 15.7.1988-ல் போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

கடந்த தை மாதம் 20-ஆம் தேதி புதன்கிழமை, காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த கண்ணாயி கால் இரண்டும் மரத்துப்போய் விழுந்துவிட்டாள். மறுநாள் கையும் வராமல் போனது. அதன் பிறகு எஸ்டேட் ஜீப்பில் சேலம் கொண்டுபோய், கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே மூச்சும் குறைந்துவிட்டபடியால், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து மெஷினில் மாட்டினார்கள். நரம்பில் வந்த நோய், பிழைத்துவிடுவாள், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அதன் பிறகு இருபதாம் நாள் பெரியண்ணன் வந்து, "ஏனுங்க அத்தை, இது மெஷின் வுடற மூச்சுங்க. கழட்டிப்போட்டு ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரலாமுங்க" என்றார். நர்ஸ் சாந்தி, "மொதல்ல நீங்க செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள வாங்கண்ணா, மெஷினக் கழட்டறத அப்புறம் பேசலாம்" என்றது. அதற்குப் பிறகு பெரியண்ணன் அந்த வார்டுக்குள் வரவில்லை. ஆனால் அதே மாசி மாதத்தில் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டு தம்பிக்கு, அதாவது என் மருமகனுக்கு, வேறு பெண் பார்க்கக் குப்பனூருக்குப் போனார். என் மகள் அப்போது கண் திறந்து எல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாந்தி அவளைப் புரட்டிப் படுக்க வைக்கும். நூற்று நாற்பது நாளில் முதுகில் ஒரு புண் வரவில்லை. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அப்போது ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்க வேண்டும். அதை எனக்குப் பழக்கியதும் சாந்திதான். ஒருநாள் பகலில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல், நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி அமுக்கினோம். அன்று சாந்திக்கு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய நேரம்.

அதன் பிறகு பங்குனி கடைசி வெள்ளிக்கிழமை என் கணவர் சேர்வராயன் கோயில் தீர்த்தத்தைப் பாட்டிலில் கொண்டுவந்தார். அப்போது தினமும் அரை மணி நேரம் மெஷினைக் கழற்றி, தானாக மூச்சு விடப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். சாந்தி பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருந்தது. கண்ணாயி கண் அசந்திருந்தாள். கஞ்சி மூக்குக் குழாயிலும் மூச்சு கழுத்துக் குழாயிலும் போனபடியால், சாமி தீர்த்தம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உயிர் போய்வருகிற வழியிலேயே போகட்டும் என்று கழுத்துக் குழாயில் ஒரு கரண்டி விட்டேன்.

உடனே அவள் உடம்பு தூக்கிப்போட்டு முகம் நீலமாகிவிட்டது. சாந்தி ஓடிவந்து சளி உறிஞ்சும் மெஷினை வைத்து எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்தது. அந்த மெஷின் பாட்டிலில் துளசி இலைத் துணுக்கு வந்ததைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாமி தண்ணிய நெத்தியில வெச்சா ஏத்துக்காதுங்களாம்மா?" என்று மட்டும் கேட்டது. குழாயைத் தொட்ட சொந்தக்காரரை வார்டில் வைக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். என்னை வெளியே அனுப்பிவிட்டால் கரண்ட் போகும்போது பை அமுக்க ஆள் இருக்காது என்று, சாந்தி நோட்டில் மூச்சுத் திணறல் என்று மட்டும் எழுதியது. தீர்த்தம் நெஞ்சுக்குள் போனதில் அவளுக்குப் பதினோரு நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் வடிந்த பின் மெஷினைக் கழற்றிப் பழக்குவதை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்தக் காய்ச்சலுக்குத்தான் பெரியண்ணன் சாந்தி பேரில் புகார் கொடுத்திருக்கிறார்.

ஆனி மாதம் என் மகள் கோல் ஊன்றி நடந்து வந்து ஜீப்பில் ஏறினாள். அந்தச் சாந்திப் பெண்ணுக்கு நாங்கள் கைமாறாகச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதன் வேலைக்கு ஒன்றும் வரக் கூடாது. வழக்கு என்றால் என் பேரில் எழுதிக்கொள்ளவும்.

தீர்த்தம் விட்டது நான்தான் என்று கண்ணாயிக்கு இன்னும் தெரியாது. பெரியண்ணன் வாயால் அவள் கேட்கக் கூடாது. இன்று மூன்று மணி பஸ்ஸில் ஊருக்குப் போய் நானே சொல்லிவிடுகிறேன். அதுவரை இதை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டய்யா எழுதியதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். நான் சொன்னதில் கூட்டியது குறைத்தது ஏதும் இல்லை, அவ்வளவும் நிஜம்.

கண்ணம்மாள், இடது பெருவிரல் ரேகை