சூரை மீனுக்குப் பொறுப்பு

சங்கரலிங்கம்: ...நேத்து ஆண்டு விழாவுல சாப்பிட்ட பிள்ளைகள்ல ஒண்ணுக்குக்கூட வயித்துவலி இல்ல. வாத்தியார்மாரு பூரா பேரும் ஆஸ்பத்திரியில. எப்பிடி எட்மாஸ்டர் சார்?

அருமைநாயகம்: பிள்ளைக ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிட்டுச்சு, சுகாதார இன்ஸ்பெக்டர் சார்.

சங்கரலிங்கம்: வாத்தியார்மாரு?

அருமைநாயகம்: பசி அவசரம்...

சங்கரலிங்கம்: இத நான் ரிப்போர்ட்டுல எழுத முடியுமா?

அருமைநாயகம்: தண்ணி சரியில்லன்னு எழுதுங்க. நல்லாசிரியர் விருதுக்கு எம்பேரு போயிருக்கு. இந்த நேரத்துல போயி...

சங்கரலிங்கம்: அதே தண்ணியத்தான பிள்ளைகளும் குடிச்சுது? என்ன சமையல், அதச் சொல்லுங்க.

அருமைநாயகம்: அமெரிக்கக் கோதுமை உப்புமா.

சங்கரலிங்கம்: காயல்பட்டணம் மூஸா நெய்னா அண்ணாச்சி, பிள்ளைகளுக்குன்னு சூரை மீன் குடுத்து விட்டாராமே?

அருமைநாயகம்: ...விட்டாரு.

சங்கரலிங்கம்: பிள்ளைக தின்னுச்சா?

அருமைநாயகம்: முள்ளு தொண்டையில சிக்கிரும்லா? அதனால வாத்தியார்மாரே அந்தப் பொறுப்ப ஏத்துக்கிட்டாங்க.

சங்கரலிங்கம்: பூரா மீனுக்குமா?

அருமைநாயகம்: பூரா மீன்லயும் முள்ளு இருக்குல்லா.

சங்கரலிங்கம்: நீங்க?

அருமைநாயகம்: நான் தொடல. மேற்பார்வ மட்டும்.

சங்கரலிங்கம்: சமைக்க முன்ன மீன எங்கன வச்சிருந்தீக?

அருமைநாயகம்: பள்ளிக்கூட முத்தத்துல... வெயில்ல.

சங்கரலிங்கம்: வெயில்லயா? சமையக்காரி பிச்சம்மாள் என்ன செஞ்சுக்கிட்டிருந்தா?

அருமைநாயகம்: விழாவுல ஒங்க பேச்சக் கேட்டுக்கிட்டிருந்தா. பேச்சு முடியுத வரைக்கும் சமையக்காரங்க எந்திரிக்கப்படாதுன்னு நீங்கதான் சொன்னீக.

சங்கரலிங்கம்: நான்... எதப்பத்திப் பேசுனேன்?

அருமைநாயகம்: சாப்பாடு கெட்டுப்போகாமப் பாதுகாக்கது எப்பிடின்னு. நல்ல பேச்சு. கொஞ்சம் நீளம்.

சங்கரலிங்கம்: அதெல்லாம் ரிப்போர்ட்டுல வராது. பிள்ளைகளுக்கு வந்த மீன வாத்தியார்மாரு தின்னதுதான் வரும். ஒங்க விருது போனா போகட்டும்.

அருமைநாயகம்: எழுதுங்க, எழுதுங்க... என்ன, வந்ததுலருந்து கழுத்தச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கீக?

சங்கரலிங்கம்: கொசு.

அருமைநாயகம்: மொகமும் செவந்திருக்கு.

சங்கரலிங்கம்: வெயிலு.

அருமைநாயகம்: ஆஸ்பத்திரியில கெடக்கவங்களுக்கும் இதே செவப்பு, இதே சொறி...

சங்கரலிங்கம்: நான் சுத்த சைவம் சார். சிவன் கோயில் கமிட்டியில இருக்கேன். எனக்கு ஒங்க ரூம்ல தனியா தயிர்சாதம் வச்சீகளே, மறந்துட்டீகளா?

அருமைநாயகம்: வச்சோம். நீங்க கதவச் சாத்திக்கிட்டீக. தயிர்சாதம் வச்சது வச்சபடி இருந்துச்சு. பக்கத்துல இருந்த மீன் சட்டியத்தான் காணல.

சங்கரலிங்கம்: ...பூனையா இருக்கும்.

அருமைநாயகம்: சட்டியோடயா? சரி, விடுங்க. டாக்டரு குடுத்த அரிப்பு மாத்திர பையில இருக்கு. நல்லாக் கேக்குது. ஒண்ணு தரட்டா?

சங்கரலிங்கம்: ஒங்களுக்கு எதுக்குக் குடுத்தாரு? நீங்கதான் தொடலன்னீகளே.

அருமைநாயகம்: மேற்பார்வ கொஞ்சம் கூடிப்போச்சு. சரி... தண்ணின்னே எழுதுதீகளா?

சங்கரலிங்கம்: எழுதுதேன். ஆனா ஒரு மாத்திர காணாது சார்... வீட்டுல அஞ்சு பேரும் சொறிஞ்சுக்கிட்டுக் கெடக்காவ.