எதிரொலியையும் எளிதில் நம்பாத ஸ்கேன் அம்மாவுக்கு

காதுக்கு எட்டாத ஒலியைக் கண்ணுக்குக் காட்டிய கலைச்செல்வியே! முப்பத்தோராண்டுகள் மங்கிய அறையில் அமர்ந்து, மற்றவர் வயிற்றுக்குள் வெளிச்சம் தேடிய பெருமாட்டியே! எவரையும் எதையும் எளிதில் நம்பிவிடாத எங்கள் ஸ்கேன் அம்மாவே! வணக்கம்!

பணி ஓய்வுப் பாராட்டு மடலில் ‘சந்தேகம்’ என்ற சொல்லே வரக்கூடாது என்றார் தலைமைச் செவிலியர். அது வராவிட்டால் மடல் வேறு யாருக்கோ போய்விடும் என்றோம் நாங்கள். வெறும் வயிற்றோடு வந்திருப்பதாகச் சத்தியம் செய்த நோயாளியையும் திரையைப் பார்த்தே திணறடித்தவரல்லவா தாங்கள்! “ஒரே ஒரு வாய் காபிதாம்மா” என்று அவர் வழிய, “உங்க பித்தப்பை சுருங்கிக் கிடக்கிறதைப் பாத்தா முழு டிபன்னுல்ல சொல்லுது!” என்றீர்கள். மனிதர் மறுநாள் பட்டினியாக வந்தார்.

ஆளைவிடக் கருவியைத்தான் தாங்கள் அதிகம் சந்தேகித்தீர்கள். “இந்த மெஷின் எதையும் பாக்கலை. சத்தத்தை உள்ள அனுப்பிட்டு, எதிரொலி எப்ப வருதுன்னு கணக்குப் போடுது. சீக்கிரம் வந்தா பக்கம், லேட்டா வந்தா தூரம். ஊர்வம்பு மாதிரிதான், எங்க மோதித் திரும்புச்சுன்னு விசாரிக்காம நம்பக்கூடாது” என்பீர்கள். நடுவில் காற்று நின்றால் ஒலி தோலைத் தாண்டாது என்பதால் களிம்பைத் தாராளமாகப் பூசுவீர்கள்; நம்பிக்கையில் மட்டும் சிக்கனம்.

ஊர்வம்பு என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தது வரவேற்பு மேசையின் டோக்கன் அக்காவைத்தான். அவருக்கோ தங்கள் மேல் பெருத்த சந்தேகம். தினமும் காலையில், முதல் டோக்கன் கொடுக்கும் முன்பே, அவர் மேசையிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்துக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். கிளிப்பை வைத்து உள்ளே ஓர் அம்மாவுக்கு என்ன வேலை? அவருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் கதவு இடுக்கில் கண்ணை வைத்தார். நிமிர்த்திய கிளிப்பை, வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியின் முகத்தில் இடமிருந்து வலமாக மெல்ல இழுத்தபடி, திரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள். மதியச் சாப்பாட்டுக்குள் சேதி மாடிவரை போயிற்று: “மந்திரம் போடுறாங்கடி! நான் கண்ணால பாத்தேன்!”

பிறகு தாங்கள் பத்து நாள் விடுப்பில் போனீர்கள். பதிலுக்கு வந்தவர் நல்லவர், வேகமானவர், எதையும் நம்புகிறவர். அந்த வாரம் பார்த்து டோக்கன் அக்காவுக்கு வயிற்றுவலி. திரையில் பித்தப்பைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, அதையொட்டிக் கறுத்த நிழல். ஒலி கல்லைத் தாண்டாது, ஆகவே கல்லுக்குப் பின்னால் நிழல் விழும்; இது அவரும் படித்த பாடம். ‘கல்’ என்று எழுதினார். பித்தப்பையை எடுக்க வியாழக்கிழமை நாள் குறித்தார்கள். ஊருக்கே சேதி சொல்லும் அக்கா, இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை தாங்கள் திரும்பினீர்கள். மந்திரக்காரி என்று தூற்றியவரிடமே போய் நிற்க அக்காவுக்குக் கூச்சம். மறுநாளை நினைத்தால் பயம். பயம்தான் ஜெயித்தது. படத்தை நீட்டினார். தாங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்த்தீர்கள்.

“கல்லோட நிழல் கல்லுக்குக் கீழதான் ஆரம்பிக்கணும். இது தோல்லயே ஆரம்பிக்குதே! கொஞ்சம் இரு.”

அக்காவின் கண்ணெதிரிலேயே கிளிப்பை இழுத்தீர்கள். அது போன இடமெல்லாம் திரையில் வெளிச்சக் கோடு கூடவே போயிற்று. ஓரிடத்தில் மட்டும் அணைந்து, பிறகு மீண்டது.

“பாத்தியா? சத்தம் போடுற படிகத்துல இந்த இடம் செத்துக் கிடக்கு. நிழல் உன் வயித்துல இல்லடி, மெஷின்ல!”

“அப்போ தினமும் காலைல...?”

“இதுதான். நீ வேற என்ன நெனச்ச?”

அக்கா விட்டத்தைப் பார்த்தார். வேறொரு கருவியை எடுத்து, அவரைப் படுக்கவைத்து, ஒருக்களிக்கவைத்து, உட்காரவைத்துப் பார்த்தீர்கள். கல் இல்லை, வெள்ளைப் புள்ளி பையின் மடிப்பு. அதையும் நம்பாமல் பெரிய டாக்டரை அழைத்து வந்து காட்டினீர்கள். அவர் அறுவையை நிறுத்தினார். வலிக்குக் காரணம் இரைப்பைப் புண் என்று பின்னர் கண்டு மருந்து கொடுத்தார். அத்தோடு விட்டீர்களா? அந்தப் பத்து நாளில் படம் எடுத்த அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் திரும்ப வரவழைத்தீர்கள். பதிலுக்கு வந்தவரைத் தங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டீர்களே தவிர, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

நம்பிக்கை நல்ல குணம் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள், அம்மையீர்! ஆனால் நம்பாத ஒருவர் இருந்ததால்தான் எங்களுள் ஒருவர் கத்திக்குத் தப்பினார். பல்லாண்டு நலமாக வாழ்வீர்! வீட்டிலும் பாலையும் பேரப்பிள்ளைகளையும் விடாமல் சந்தேகித்து வாழ்வீர்!

இம்மடலை யார் வாசிப்பது என்று எங்களுக்குள் சண்டையே வரவில்லை. ஆரம்பம் முதல் இதுவரை வாசித்துக்கொண்டிருப்பவர் டோக்கன் அக்காவேதான். பித்தப்பை பத்திரமாக அவரிடமே இருக்கிறது.

தங்களால் தினந்தோறும் சந்தேகிக்கப்பட்டு, அதனாலேயே சரியாக வேலை செய்யப் பழகிய,
ஸ்கேன் பிரிவு மற்றும் வரவேற்பு மேசை ஊழியர்கள்