கீழே இருக்கும் பழைய ஸ்கேன்

உஸ்மா: ...இல்லக்கா, அழிஞ்செல்லாம் போகல. ஸ்கேன் படம் அத்தனையும் இங்க கீழ, வாணியம்பாடி ஆபீஸ் டிஸ்க்குல பத்திரமா இருக்கு. உங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குத்தான் அது கண்ணுல படல.

தேவயானி: நேத்து வரைக்கும் பட்டுச்சே! இன்னாமா ஆச்சு?

உஸ்மா: அப்டேட் வந்து கர்னல் மாறிடுச்சு... அதான் மெஷினோட மூளைன்னு வெச்சுக்கோங்க. இங்க இருக்கிற டிஸ்க்கை புதூர்நாட்டு ஆஸ்பத்திரியிலயே இருக்கிற மாதிரி காட்ட, அதுக்குள்ள டிரைவர்னு ஒரு சின்ன புரோகிராம் வேணும். புது கர்னலுக்கு அது வந்து சேரல.

தேவயானி: எங்க மலைக்கு எதுதான் நேரத்துக்கு வந்து சேருது! நீயே அந்தப் படத்தைத் தொறந்து அனுப்பேன்?

உஸ்மா: எங்களால தொறக்க முடியாதுக்கா. பூட்டு போட்டிருக்கு, சாவி உங்க மெஷின்ல. இன்னா அவ்ளோ அவசரம்?

தேவயானி: ஒரு பேஷண்ட்டு... இன்னிக்கு ஸ்கேன்ல ஈரல்ல கட்டியாட்டம் தெரியுது. போன வருஷப் படத்துலயும் இதே அளவு இருந்தா பயமில்லயாம். இல்லன்னா... உடனே ஜீப் வெச்சு வேலூருக்குப் போவணுமாம்.

உஸ்மா: யா அல்லா... அவங்க எங்க?

தேவயானி: இங்கதான்... இங்கதான் இருக்காங்க. நீ சொல்லு. இதெல்லாம் வழக்கமா பாக்கற உங்க சார் பக்கத்துல இருக்காருல்ல?

உஸ்மா: ம்... இருக்காரு. வாட்ஸ்அப்ல அஞ்சு வரி கமாண்டு அனுப்பினேன் பாருங்க, முதல் வரிய அப்படியே அடிங்க. நெட்டுலேர்ந்து டிரைவர் இறங்கும்.

தேவயானி: அடிச்சேன்... தப்புங்குது.

உஸ்மா: நடுவுல இடம் விடல நீங்க.

தேவயானி: இரு... ஐயோ, திரும்பவும்.

உஸ்மா: நல்லா அடிப்பீங்களேக்கா! காலையில டீ குடிக்கலயா?

தேவயானி: விரலு இன்னிக்கு சொன்ன பேச்சு கேக்கல... ஆங், இறங்குது! ...நின்னுடுச்சு.

உஸ்மா: விடுங்க, வரும்.

தேவயானி: காத்தடிச்சாலே படுத்துக்கும் எங்க நெட்டு... வந்துடுச்சு, வந்துடுச்சு!

உஸ்மா: ரெண்டாவது வரி. டிரைவரை எழுப்புறது.

தேவயானி: ஒண்ணுமே சொல்லலயே?

உஸ்மா: ஒண்ணும் சொல்லலன்னா சம்மதம்.

தேவயானி: பொண்ணு பாக்க வந்த கதையால்ல இருக்கு!

உஸ்மா: மூணாவது, எங்க சர்வர் விலாசம். நெட்டு நடுவுல படுத்தாலும் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லி அதுலயே சேர்த்திருக்கேன்.

தேவயானி: உஸ்மா, ஒரு பெட்டி வந்திருக்கு. டிஸ்க்கு படிக்க முடியல, ஃபார்மேட் பண்ணட்டான்னு கேக்குது. ஆமான்னு குடுத்து...

உஸ்மா: கைய எடுங்க! எடுத்தீங்களா?

தேவயானி: எடுத்துட்டேன், எடுத்துட்டேன்!

உஸ்மா: பூட்டின டிஸ்க்கு, அதான் அதுக்குப் புரியல. ஆமான்னா மொத்த மலை சனத்தோட படமும் போயிருக்கும்... வேணாம்னு குடுங்க. இப்ப நாலாவது வரி. பூட்டைத் தொறக்கும், படிக்க மட்டும்தான் விடும்.

தேவயானி: ...உஸ்மா.

உஸ்மா: சொல்லுங்கக்கா.

தேவயானி: எல்லாரும் இருக்காங்க. பேரு பேரா, படம் படமா... எல்லாரும். டாக்டரைக் கூட்டியாந்து காட்டிடறேன். போனை வெச்சுடாத.

உஸ்மா: அக்கா? ...அக்கா, லைன்ல இருக்கீங்களா? ...யாருமே இல்லயா?

தேவயானி: ...அதே அளவாம்.

உஸ்மா: இன்னா?

தேவயானி: அதே அளவாம் உஸ்மா! ஒரு நூலு கூட வளரலயாம். வெறும் ரத்தக்குழாய் முடிச்சுன்னாரு. வேலூரும் வேணாம், ஒண்ணும் வேணாம். வருஷா வருஷம் பாத்துக்கிட்டா போதுமாம்.

உஸ்மா: அல்ஹம்துலில்லாஹ்! அப்பாடா... அந்தக் கடைசி வரியையும் அடிச்சுடுங்க. இனிமே மெஷினைப் போட்டதும் டிரைவர் தானா எழுந்துக்கும்.

தேவயானி: ஆச்சு. உங்க சாருக்கும் ஒரு நன்றி சொல்லிடு.

உஸ்மா: அக்கா... சார் இங்க இல்ல. சென்னைக்குப் போய்ட்டாரு, போனும் எடுக்கல. நான் தனியாத்தான்... சொன்னா பயந்துடுவீங்கன்னு...

தேவயானி: அடிப்பாவி! முதல் தடவையா?

உஸ்மா: ம். அந்த பேஷண்ட்டுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம்.

தேவயானி: அவளுக்கு இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே... நான்தாம்மா அந்த பேஷண்ட்டு. முன்னாடியே சொல்லியிருந்தா உன் குரலும் நடுங்கியிருக்கும். அப்புறம் யாருக்கு யாரு வழி சொல்றது?